அறுநூற்று நாற்பது மடங்கு

அறுபதாயிரம் சுற்று முடிந்து
குழாய் வெளியே வருகிறது.
கீழிருந்து விளக்கைப் பிடித்தால்
இரண்டு நீலக் கோடுகள்,
நகக்கீறல் அளவு.
மேல்கோடு காலி உறைகள்.
கீழ்க்கோட்டுக்குள்தான்
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் எழுத்துகள்
சுருண்டு கிடக்கின்றன.

இந்தத் தடவையும் மேல்கோடுதான் தடிப்பு.
ரஃபீக்கா ஒன்றும் சொல்லாமல்
ஊசியைப் பக்கவாட்டில் குத்தி
கீழ்க்கோட்டை மட்டும் உறிஞ்சுகிறாள்.
அரை மில்லி.
காலாப்பட்டில் ஐந்து வாரம்.

வைரஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
இருபது முகம். தனக்கென்று ஒரு நோய் கிடையாது.
ஜலதோஷக் கிருமியின் பின்னால்
டிக்கெட் எடுக்காமல் ஏறி வருவது.
அதன் வயிற்றிலிருப்பதை வழித்துப் போட்டுவிட்டு
எங்கள் எழுத்தை வைக்கிறோம்.
விழித்திரைக்கு அடியில் கொண்டுபோய் விட்டால்
செல் கதவைத் திறக்கிறது.
எலிகளில் திறக்கிறது.
பதினான்கில் பதினொன்று,
இருட்டில் மினுக்கிய விளக்குக்கு அலை வரைந்தன.
மூன்று வரையவில்லை. ஏனென்று எழுத
கட்டுரையில் ஒரு பத்தி காலியாக விட்டிருக்கிறேன்.

செங்கேணி வீராம்பட்டினத்தில்
ஐஸ் கம்பெனியில் பில் போடுகிறாள்.
ஆறு மணிக்கு மேல் அவள் உலகம்
ட்யூப்லைட்டுக்குக் கீழே மட்டும்.
வெளியே படகு, நாய், மாமியார், எல்லாம் ஒரே கறுப்பு.
இரண்டு வருடமாக, மாதம் ஒரு போன்.
"மருந்து வந்துடுச்சா மேடம்?"
மருந்து இல்லை, சோதனை என்பேன்.
"சரி, சோதனை வந்துடுச்சா?"

வந்தது. அவள் ரத்தமும் வந்தது.
நீர்த்தோம். பத்து மடங்கு, நாற்பது, நூற்றறுபது.
அறுநூற்று நாற்பது மடங்கு உப்புநீர் ஊற்றிய பின்னும்
அந்த ரத்தம் எங்கள் வைரஸை வெளியிலேயே நிறுத்தியது.
எப்போதோ தொற்றியிருக்கிறது.
உடம்பு முகத்தைப் பார்த்து வைத்திருக்கிறது.
உள்ளே என்ன கொண்டுவருகிறோம் என்று
அது பிரித்துப் பார்ப்பதில்லை.
விதிமுறை, நான்காம் பக்கம்:
சேர்க்கக் கூடாதவர்கள்.

போனில் சொல்ல வாய் வரவில்லை.
அரியாங்குப்பம் பாலம் தாண்டி ஸ்கூட்டரில் போனேன்.
நொறுக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது,
கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.
ஒரு முழு பார் விழுந்து தூளாகும் வரை
அவள் பில்புக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எந்த வருஷத்துக் காய்ச்சல்னு அதுல தெரியுமா?"
தெரியாது.
"எனக்குத் தெரியும். ரெண்டாங்கிளாஸ், ஐப்பசி.
ஸ்கூலே இருமுச்சு. தெருவுல ஒரு வீடு பாக்கி இல்ல.
தம்பி மட்டும் தப்பிச்சான். காரைக்கால்ல
மாமா வீட்ல இருந்தான்."

தம்பியா?

"அவனுக்கும் இதே கண்ணுதான்."

குடும்ப வரைபடத்தில், நானே கேட்டு நிரப்பிய கட்டத்தில்,
உடன்பிறந்தோர்: இல்லை.

"இன்ஜின் பங்குல தகராறு. ஆறு வருஷமாப் பேச்சில்ல."
பில்லைக் கிழித்துத் திருப்பிப் போட்டு
பத்து எண்களை
எங்கும் பார்க்காமல் ஒரே மூச்சில் எழுதினாள்.
"நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க.
வேணாம்பான். கொஞ்சம் அழுத்திக் கேளுங்க."

அந்தக் காய்ச்சல் இதுவாக இருக்க வேண்டியதில்லை.
காரைக்காலிலும் பிள்ளைகள் இருமியிருக்கும்.
இப்படி ஒருவரைக் கூப்பிடலாமா என்று
நெறிமுறைக் குழுவைக் கேட்க வேண்டும்,
வியாழக்கிழமை கூடுகிறார்கள்.

அதுவரை அந்தக் காகிதம்
மைனஸ் எண்பது ஃப்ரீசரின் கதவில், காந்தத்துக்கு அடியில்.
ஒரு பக்கம் ஐஸ் பார் ஆறு, பாக்கி.
மறுபக்கம், ஈரத்தில் மை பரவி,
கடைசி எண் ஒன்றா ஏழா தெரியவில்லை.
ஏழு என்றுதான் நினைக்கிறேன்.