தேரைகளுக்கு எட்டு நிமிடம்

தார்த்துவிலிருந்து கிளம்பும் கடைசி பஸ்
என்னுடையது.
பதினாறு ஏப்ரல்களாக இந்த வளைவில்
ஏதோ ஒன்று டயரின் கீழே
ஈரமாக வெடிப்பதைக் கேட்டிருக்கிறேன்.
பைன் மரத்துக் காய் என்று நினைத்துக்கொள்வேன்.
நினைத்துக்கொள்வது சுலபம்.
ஹீட்டர் சத்தம் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது.

காட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்
காலையில் ஏற்றி வருபவனும் நான்தான்.
பனி இளகும் வாரத்தில் அவர்கள் பையில் கைத்துளைப்பான்.
பிர்ச் மரத்தில் இரண்டு விரற்கடை ஆழம்,
அதற்கு மேல் போனால் வலிக்கும் என்கிறான் தானெல்,
மரமே அவனிடம் சொன்னதுபோல.
சொட்டியதை ஜாடியில் பிடித்து
எனக்கும் ஒரு மடக்கு தந்தார்கள்.
தண்ணீர்தான்.
ஏதோ சொல்ல வந்து
பாதியில் மறந்துவிட்ட மாதிரி ஓர் இனிப்பு.

பிறகு மழை.
ஐந்து டிகிரி. இருட்டு.
வடக்குப் பார்த்த பள்ளத்தில் இன்னும்
பழைய தலையணைப் பஞ்சாகப் பனி.
வளைவில் மஞ்சள் சட்டைகள் மின்னின.
விபத்தோ என்று பிரேக்கை மிதித்தேன்.

பதினொரு பிள்ளைகள், பதினொரு வாளிகள்.
காட்டில் உறங்கி எழுந்த தேரைகள்
குளத்துக்குப் போகின்றன.
குறுக்கே வந்து படுத்தது எங்கள் சாலைதான்.
நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள்.
இவை வாயைத் திறக்கவே இல்லை.

ஆசிரியை பிர்கித் எதையும் விளக்கவில்லை;
மூக்கைச் சிந்திக்கொண்டு
டார்ச்சைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான்.
கணக்கு லீலோவிடம். வயது ஏழு.
பிளாஸ்டிக் உறைக்குள் தாள், கயிற்றில் பென்சில்.
பெண் தேரையின் முதுகில் ஆண் ஏறிக்கொண்டு வந்தால்
ஒன்றா இரண்டா என்று பெரிய தகராறு.
"நடக்கிறது ஒண்ணுதானே" என்றான் தானெல்.
"அப்போ பஸ்ல வர்றவங்க எல்லாரும் சேர்ந்து ஒண்ணா?"
இரண்டு என்று தீர்ப்பானது.

தாளில் இரண்டு பத்திகள்:
போனது. தட்டை.
என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.
முகத்தில் கோபம் எதுவும் இல்லை.
"நேத்து இந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வந்தீங்க?"
"எட்டு நாற்பது."
எழுதினாள்.
"இடது சக்கரமா, வலதா?"

பதினாறு வருஷத்தில்
லைசென்ஸ் கேட்டிருக்கிறார்கள், சில்லறை கேட்டிருக்கிறார்கள்.
சக்கரத்தை யாரும் கேட்டதில்லை.

என்ஜினை அணைத்தேன்.
பின்னால் முணுமுணுப்பு.
பல் பிடுங்கிக்கொண்டு வந்த ஹில்யா
கன்னத்தில் கையோடு எட்டிப் பார்த்தாள்,
ரொட்டிப் பையைச் சீட்டில் கவிழ்த்துவிட்டு
வெறும் பையோடு இறங்கினாள்.
ராணுவ விடுப்பில் வந்த பையன்
செல்போன் விளக்கைப் பிடித்தபடி
பஸ்ஸுக்கு முன்னால் குனிந்தே நடந்தான்.
ஒருவர் மட்டும் இறங்கவில்லை.
கம்பெனிக்குப் போன் செய்வேன் என்றார்.
செய்தும்விட்டார்.

மறுநாள் கரும்பலகையில்
அதுதான் கழித்தல் கணக்கு.
எட்டு நாற்பத்தெட்டில் எட்டு நாற்பது போக
மீதி: நாற்பத்து மூன்று தேரை.
பிர்கித் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.
வாரம் முழுக்க இரண்டையும்
யாரும் அழிக்கவில்லை.

கம்பெனிக் கடிதம் டாஷ்போர்டில் கிடக்கிறது.
தாமதத்துக்குக் காரணம் எழுத
ஒரே ஒரு வரிதான் விட்டிருக்கிறார்கள்.

அந்த இரவு லீலோ சொன்னாள்:
"முதல்ல கையை நனைங்க.
காஞ்ச கை அதுக்குச் சுடும்."
குட்டையில் முக்கி எடுத்தேன்.
உருளைக்கிழங்கு கனம். குளிர்ச்சி.
தாடைக்குக் கீழே மட்டும் ஒரு துடிப்பு.
குளத்தங்கரை வரை கொண்டுபோனேன்.
இறக்கிவிடும் முன் உள்ளங்கையில் மூத்திரம் பெய்தது.

லீலோ 'போனது' பத்தியில் ஒரு கோடு இழுத்தாள்.
என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு
"உங்க பேரை எப்படி எழுதணும்?" என்றாள்.
கையைத் துடைக்காமலே நின்று
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.