இரண்டு மில்லிமீட்டர்

குளச்சலில் பீர்க்கண்ணு கடையில்
கயிறு, மிதவை, வலை ஈயம்.
பின்னறை ஆணிகளில்
வெளிநாட்டு வேலையை விட்டு வந்தவர்கள்
விற்றுப்போட்ட வெட்சூட்டுகள்
தலையில்லாமல் தொங்கும்.

ஐந்து, மூன்று, இரண்டு.
விரலிடுக்கில் நசுக்கிப் பார்க்கிறேன்.
ஐந்து, ஆஸ்பத்திரி மெத்தை.
மூன்று, மரச்சீனித் தோல்.
இரண்டு, என் காதுமடல்.

“மூணு எடு மோளே,
ஆடியில வெள்ளம் தணுக்கும் பாத்துக்க.”
உண்மைதான்.
ஆடியில் அடிவெள்ளம் மேலேறி வரும்.
கரையில் வியர்க்க வியர்க்க
பத்துப் பாகத்தில் பல் கிட்டும்.
ஆனால் எனக்கு வேலை மாசி முதல் சித்திரை வரை,
முட்டத்துக்கு நேரே இறக்கிய சிமெண்ட் பார்களில்
மீன் எண்ணும் வேலை.
வெள்ளைப் பலகையில் பென்சிலால்
களவா பதினொன்று,
கிளாத்தி எண்ணி மாளாது.
அப்போது வெள்ளம் இருபத்தொன்பது டிகிரி,
ஆறிப்போன கஞ்சி.

“இருபத்தொம்பதுல எவளுக்குக் குளிரும்?”
என்கிறான் ஜெனிஸ்டன், சித்தி மகன்.
கடியப்பட்டணத்துப் பாறைகளில்
வெறும் நிக்கரோடு சிப்பி பறிக்கிறவன்.
முதுகெல்லாம் கீறல்.

குளிரும்டா.
முதல் முழுக்கில் இல்லை,
மூன்றாவதில், நாற்பதாம் நிமிடத்தில்,
என் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி ஆகிவிடும்.
கடல் ஒரேயடியாக எடுக்காது.
காணிக்கைப் பெட்டியில் கம்பி விட்டு
ஒவ்வொரு நாணயமாக
எடுப்பவன் போல.

சட்டையோடு வந்த அளவு அட்டையில்
வரைந்திருந்த ஆளுக்கு இடுப்பே இல்லை.
எனக்கு உண்டு.
வலை மூட்டைகளுக்குப் பின்னால் நின்று
முழங்கால் வரை ஏற்றி, இளைப்பாறி,
பிறகு மிச்சத்தை ஏற்றினேன்.
பீர்க்கண்ணுவின் மருமகள் ரைஹானா
முதுகில் ஜிப்பை இழுத்தாள்.
“மூச்ச அடக்கு.”
சிலிண்டரோடு இறங்குகிறவளுக்கு முதல் பாடமே
மூச்சை அடக்காதே என்பது.
அடக்கினேன்.

அக்குளில் காற்று நிற்கிறதா,
குனிந்தால் நடுமுதுகில் பள்ளம் விழுகிறதா,
எட்டிக் கை நீட்டினால் தோள் பிடிக்கிறதா.
உள்ளே வெள்ளம் வரத்தான் செய்யும்.
வந்தது வெளியேறாமல் நின்று
என் சூட்டையே வாங்கி
எனக்கே போர்த்த வேண்டும்.
புழங்கினால் அது சட்டையல்ல, அரிப்பு.

முடிவுக்கு வராமல்
இரண்டையும் பார்க்கக் கேட்டு வாங்கி வந்தேன்.
மூன்றை ஜெனிஸ்டன் கேலிக்கு மாட்டினான்.
பாறை மேல் நின்று சிலுவை போட்டுக் குதித்தான்.
மிதந்தான்.
தலைகீழாகக் காலை உதைத்தான்.
தக்கை போல் மேலே வந்தான்.
இன்னொரு தடவை.
இன்னொரு தடவை.
நினைத்த மாத்திரத்தில் ஆறு பாகம் இறங்குகிறவனைக்
கடல் மேலேயே வைத்து
ஊருக்குக் காட்டியது.
சிப்பி அவிக்க நின்ற பெண்கள் சிரித்தார்கள்.
“ஈயம் கட்டணும்டா” என்று கத்தினேன்.
காதில் வாங்கவில்லை.
கரையேறியவன்
கழுத்தைப் பிய்த்துக்கொண்டு சொன்னான்,
“இது கடல்ல எறங்கவா, கடல வரவிடாம இருக்கவா?”

பதில் தெரியவில்லை.
இரண்டை வைத்துக்கொண்டேன்.
அதற்கு ஈயமும் குறைவு.
நுங்குச்சொறி வரும் நாட்களில்
அந்தத் தடிமனே போதும்.
ஜெனிஸ்டன் பிறகு ஒருநாள்,
சொறி பட்டுத் தடித்த கையோடு வந்து,
கை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றான்.

முதல் நாள் அலசி
தோளில் மாட்டிக் கொடியில் தொங்கவிட்டேன்.
மங்கிய நேரம்.
இரண்டு காலிலும் வெள்ளம் சொட்டியது.
பக்கத்து வீட்டு மெர்சலின் அக்காள்
வேலியருகே வந்தவள்
குடத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.
அவள் வீட்டுக்காரர் போன வள்ளத்தில்
சட்டைகூடத் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து
இடுப்பில் இரண்டாக மடித்துப் போடுகிறேன்.
தோள் இழுபடாமலிருக்க
அப்படித்தான் காயப்போட வேண்டுமாம்.
யார் கேட்டாலும்
அதுதான் காரணம் என்கிறேன்.