ஊமைக்காயம்

ஹாப்சாலு விரிகுடா உறைந்துபோன பிப்ரவரி.
துடுப்பால் பனியைத் தட்டித் தட்டி
படகை உள்ளே செலுத்தினாள் விர்வே.
கால் சிக்கிக் கிடந்தது அன்னம்,
நீள்கழுத்தைச் சிறகுக்குள் சொருகி,
யாரோ மறந்துவிட்டுப் போன மூட்டையாக.

கிட்டப் போனதும் கழுத்து எழுந்தது.
கொதிக்கிற கெட்டில்போல் ஒரு சீறல்.
பனி விட்டுக்கொடுத்த நொடியில்
சிறகால் ஒரே அடி.

எஸ்தோனிய மொழியில் அதற்கு
மூக்கு புடைத்த அன்னம் என்று பெயர்.
அவ்வளவுதான், வேறு புகார் இல்லை.
கரையில், பறவைக் கணக்கெடுக்க வந்த ஆங்கிலேயர் ஹெட்லி
விரல் விறைக்கத் தன் மொழியில் குறித்துக்கொண்டார்:
ஊமை அன்னம். ஒன்று. உயிருடன்.

அதுவோ
திறந்த நீர்வரை
ஏசிக்கொண்டே நீந்திப் போனது.

இரவு கம்பளிச் சட்டையைக் கழற்றினாள்.
முழங்கைக்கு மேல் உள்ளங்கை அகல நீலம்.
கீறலில்லை, ரத்தமில்லை.
தொட்டால் மட்டும்
பேசியது.