சந்தியில் ஒரு லீவு நாள்

ஒரு நாள் லீவு.
நாலு மாதமாய்க் கேட்டுக் கிடைத்தது,
அன்றையச் சம்பளம் வெட்டுப்படும் என்ற பேச்சோடு.
பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, விசில்
மூன்றையும் வரதகுமாரிடம் கொடுத்தேன்.
கேற்றுத் தடி இறங்கும்போது பாதியில் சிக்கும்,
அடியில் ஒரு உதை விடவேணும்,
மற்றதெல்லாம் தானாய் நடக்கும் என்றேன்.

மாங்குளம் சந்தி.
விடியப்புற மழை நின்று, தார் இன்னும் காயவில்லை.
வடக்கே போனால் கிளிநொச்சி.
தெற்கே போனால் வவுனியா.
ஆறு வருசமாய் இரண்டு பக்கச் சனத்தையும்
மறித்து நிறுத்திய கைக்கு
இன்றைக்கு மறிக்க ஒன்றுமில்லை.
கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்குகிறது.

கிளிநொச்சி கிட்ட, பஸ்காசும் குறைவு.
இரணைமடு வான் பாயுதாம்,
சனம் குடையோடு நின்று போட்டோ பிடிக்குதாம்.
கரடிப்போக்கில் ஒரு கடையில்
சாறிக்கு ஃபோல்ஸ் அடித்துக் கையோடு தருவினம் என்று
மச்சாள் தன்ர இரண்டு சாறியைத் தந்துவிட்டிருக்கிறாள்.
ஆனால் அங்கே தெரிந்த முகம் கூட.
பத்து அடிக்கு ஒன்று நின்று,
"இப்பவும் தனியத்தானோ, யோகராணி?" என்று கேட்கும்.
அதற்குப் பதில் சொல்லவா
ஒரு நாள் சம்பளத்தை விட்டேன்?

வவுனியாவில் என்னை ஒருத்தருக்கும் தெரியாது.
தக்காளிக்கு மூன்று பாசையில் விலை கேட்கிற சந்தை.
கண் பரிசோதித்து அன்றே கண்ணாடி தருகிற கடை.
பள்ளிவாசலுக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில்
மத்தியானம் பிரியாணி.
ஃபானுக்குக் கீழ் மேசை பிடித்து
எலும்பைக் கடித்துத் தின்றாலும்
பார்க்க ஆளில்லை.
ஆனால் ஓமந்தையைத் தாண்டவேணும்.

அங்கே இப்ப ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும்.
தகரக் கொட்டில் இல்லை. வரிசை இல்லை.
உள்பாவாடை வரைக்கும் கொட்டிப் பார்த்த
நீள மேசை இல்லை.
வெறும் வெளி, நாலு மாடு.
என்றாலும் அவ்விடம் வர
கை தானாய்ப் பைக்குள் போய்
அடையாள அட்டையைத் தேடும்.
பக்கத்துச் சீற்றுக்காரர்
காசைத் தொலைத்துவிட்டேன் என்று நினைப்பார்.

எந்த பஸ் முதல் வருகுதோ அதில் ஏறுவம்
என்று எனக்குள் ஒரு ஒப்பந்தம்.
கிளிநொச்சி பஸ் முதல் வந்தது.
கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி
"அக்கா, ஏறுங்கோ, இடமிருக்கு" என்றார்.
நான் மழை இருக்கா என்று வானத்தைப் பார்த்தேன்.
பஸ் போய்விட்டது.
அப்போதுதான் தெரிந்தது,
முடிவு எடுத்துக் கன நேரம் என்று.

புளியங்குளம் தாண்டி, காடு விலகுகிற இடத்தில்
ஒரு கடவை. தடி இறங்கத் தொடங்கியது.
"கோச்சி எங்கையோ நிக்குது,
உவருக்கு இப்பவே பூட்டவேணும்"
என்றான் பின்னால் ஒரு பெடியன்.
சாரதி எஞ்சினை நிறுத்திக் கொட்டாவி விட்டார்.
ஒரு குழந்தை அழத் தொடங்கியது.
நானும் நேரத்தைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு வெட்கப்பட்டேன்.

கேற்றடியில் ஒரு ஐயா.
ஒரு காலில் நீலச் செருப்பு, மற்றதில் மண்ணிறம்.
கொட்டிலுக்குள் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.
தடி பாதியில் சிக்கியது.
அடியில் ஒரு உதை விட்டார்.
இறங்கியது.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, சத்தமாய்.
பக்கத்துச் சீற்றுக்காரர் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

கோச்சி போனது. ஒன்பது பெட்டி.
எண்ணாமல் இருக்க எனக்கு வராது.
பஸ் எடுக்கும்போது யன்னலால் கை காட்டினேன்.
அவர் காணவில்லை.
தண்டவாளம் வளைகிற பக்கமே
பார்த்தபடி நின்றார்,
கொடியை இன்னும் சுருட்டாமல்.
அப்படித்தான் நிற்கவேணும்.

அவர் சின்னதாகி மறையும் வரைக்கும்
கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முன்னுக்குப் பார்த்தபோது
தாண்டிக்குளம் வந்துவிட்டது.

பிரியாணி முடிந்துபோச்சாம்.
கொத்துத்தான் இருந்தது.