விளக்கம் கோரல்

கடிதம் பழுப்பு உறையில் வந்தது.
அதிபர் கையில் தரவில்லை.
வரவுப் பதிவேட்டுக்குள் வைத்திருந்தார்,
ஏழரைக்கு இழுக்கும் சிவப்புக் கோட்டுக்குச்
சற்று மேலே.
நான் நேரத்துக்கு வந்ததற்கும்
அதுதான் அத்தாட்சி.

"ஊடகமொன்றுக்கு முன் அனுமதி பெறாது
கருத்து தெரிவித்தமை தொடர்பாகப்
பதினான்கு நாட்களுக்குள்…"

தமிழ் படிப்பிக்கிறவள் நான்.
முதலில் கண்ணில் பட்டது குற்றச்சாட்டல்ல.
கருத்துக்கும் தெரிவித்தமைக்கும் நடுவே
ஒரு 'த்' இல்லை.
வலயக் கந்தோரில் யாரோ விழுங்கிவிட்டார்கள்.
வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலி மிகும்
என்று எத்தனை வருடம் பலகையில் எழுதியிருப்பேன்!
பழக்கதோஷம்,
சிவப்புப் பேனா கைக்கு வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான்.
காலைக் கூட்டத்தில் தேசிய கீதம் முடியுமுன்
ஷர்மிகன் மடிந்து விழுந்தான்.
வகுப்புக்குத் தூக்கி வந்தபின் கேட்டேன்,
சாப்பிட்டு வந்தவர்கள் கையை உயர்த்துங்கள்.
முப்பத்துநான்கு பேரில் பதினொரு கை.
"தேத்தண்ணியும் சேர்த்தியா டீச்சர்?" என்று
பாதியில் நின்ற கை இன்னொன்று.
அதை நான் எண்ணவில்லை.

பின்னேரம் மட்டக்குளிச் சந்தியில்
நூற்றைம்பத்தைந்து பஸ்ஸுக்கு நின்றபோது
மைக்கை நீட்டிய பையன் கேட்டது பருப்பு விலை.
நான் பதினொன்று என்றேன்.
ஏன் என்றான். சொன்னேன்.

எண்ணைச் சொல்வது கருத்தாகுமா?
கணித ஆசிரியர் இல்ஹாமைக் கேட்டேன்.
அவர் பாடக் குறிப்பிலிருந்து நிமிரவில்லை.
அன்றைக்கு ஆசிரியர் அறையில்
எல்லோருக்கும் பாடக் குறிப்பு இருந்தது.
பஸீஹா மட்டும் இடைவேளையில்
என் மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தாள்.
பிள்ளைகளுக்கு, என்றாள். என் பெயரைச் சொல்லிவிடாதீங்க.
சொல்லவில்லை.
பஸீஹா என்பது அவள் பெயரல்ல.

அதிபர் கெட்டவரல்ல.
ஓய்வுக்கு ஏழு மாதம்.
கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்,
"வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கோ மிஸ்,
மிச்சத்தை நான் பார்க்கிறேன்."
வாய் தவறவில்லை சேர்.
பத்தொன்பது வருடத்தில்
அன்றைக்குத்தான் தவறாமல் இருந்தது.

குடியியல் டீச்சர் இடமாற்றத்தில் போனதிலிருந்து
செவ்வாய் மூன்றாம் பாடவேளை என்னுடையது.
அரசியலமைப்பு, உறுப்புரை பதினான்கு.
"ஒவ்வொரு பிரசையும்" என்று தொடங்கும் வரியை
அடிக்கோடிடச் சொன்னேன்.
"சோதனைக்கு வருமா டீச்சர்?"
வரும், என்றேன்.

வந்தது வியாழக்கிழமை.
விசாரணை அலுவலர் வகுப்பின் நடுவே நின்று
அன்பாகத்தான் கேட்டார்,
காலையில் சாப்பிட்டவர்கள் கையை உயர்த்துங்கள் பார்ப்போம்.
முப்பத்துநான்கு கை.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
டீச்சருக்கு ஏதோ கரைச்சல்,
நாங்கள் சாப்பிட்டோம் என்றால் அது போய்விடும் என்று
அவர்களாகவே பேசி முடித்திருக்கிறார்கள்.
ஷர்மிகன் இரண்டு கையையும் உயர்த்தியிருந்தான்.
அலுவலர் எண்ணி எழுதிக்கொண்டார்.
கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை என்னைப் பார்த்தார்,
பரிதாபமாக.

இன்று பதினான்காம் நாள்.
ஃபுல்ஸ்கேப் தாளில் மதிப்பிற்குரிய ஐயா வரை வந்துவிட்டேன்.
பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்று எழுதினால்
என்னைக் காப்பாற்றிய கைகளைக் காட்டிக்கொடுத்தவளாவேன்.
நான்தான் பொய் சொன்னேன் என்று எழுதினால்
இருபத்துமூன்று வயிறு கணக்கில் காணாமல் போகும்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள்.
ஒவ்வொன்றுக்கும் மேசை அதிர்கிறது,
எழுத்துக் கோணுகிறது.

கைகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
ஒரே வரி.
ஆம், கருத்துத் தெரிவித்தேன்.

அந்தத் 'த்'தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டேன்,
கடைசி வாங்கிலிருந்தும் தெரிகிற மாதிரி.