இடம் என்றால் வலம்

டாக்டர் "இடப்பக்கம்" என்றால்
என் விரல் வலப்பக்கம் திருகும்.
லென்சுக்குள் எல்லாம் தலைகீழ்.
மூன்று வருடத்தில் கை பழகிவிட்டது;
வீட்டில்தான் தொல்லை,
குழாயை மூடப் போய்த் திறந்துவிடுகிறேன்.

அவர் புதுச்சேரியில், நெல்லித்தோப்பில்,
மாடி அறையில் ஒரு திரை முன்னால்.
நான் கடலூர் முதுநகரில்,
ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய பழைய துணிக்கிடங்கில்.
நடுவே ஒரு மணி நேர பஸ்,
ஒரு சோதனைச் சாவடி.
பையைத் திறந்து பாட்டில் தேடுகிறவர்களுக்குத் தெரியாது,
காலடியில் புதைந்த கண்ணாடி இழையில்
ஒரு பெண்ணின் சினைப்பை
எல்லை தாண்டிப் போவது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள்.
ஸ்லைடில் இவ்வளவே எழுதியிருக்கிறது:
212. அஞ்சலாட்சி, 34, சிங்காரத்தோப்பு.
வயிறு திறந்தபடி கிடக்கிறாள்.
கட்டியை மட்டும் எடுப்பதா,
கருப்பையையும் சேர்த்தா?
கையுறையோடு காத்திருக்கிறார் ஞானாம்பிகை டாக்டர்.
இருபது நிமிடம் என்று கணக்கு.
உறையவைத்து, சீவி,
ஊதாவில் முக்கி, இளஞ்சிவப்பில் முக்கிப்
பன்னிரண்டை நானே தின்றுவிட்டேன்.

"இன்னும் இடம். கொஞ்சம்.
அந்த மூலை... நில்லுங்க."

நின்றேன்.
நெட்டும் நின்றது.

திரையில் அவர் வாய் பாதி திறந்தபடி,
சதுரம் சதுரமாய்.
வெளியே ஐப்பசி மழை.
போனில் மணியே போகவில்லை.
திருகிலிருந்து விரலை எடுக்கவில்லை நான்.
இங்கே ஒரு மயிரிழை அசைந்தால்
லென்சுக்குள் அது அடுத்த ஊர்.

கண்ணை மட்டும் குனிந்து வைத்தேன்.
வரிசை கலையாத செல்கள்,
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஊதாப் பொட்டு.
எனக்கு ஒன்று தோன்றியது.
அதைச் சொல்லும் உரிமை
என் சம்பளத்தில் இல்லை.

நர்ஸ் கதவைத் தள்ளி, "என்னவாம்?"
"பார்த்துக்கிட்டிருக்காங்க" என்றேன்.
பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்.

நான்கு நிமிடம். விரல் மரத்துவிட்டது.
பிறகு படத்துக்கு முன்னால் குரல் வந்தது:
"...அதே இடம்தானே?"
"அதே இடம்தான் சார். அசையல."
ஒரு பெருமூச்சு,
அல்லது லைனின் இரைச்சல்.
"கெட்டது இல்ல. கட்டியோட போதும்.
மூடச் சொல்லுங்க."

ஓடிப் போய்ச் சொன்னேன்.
பச்சைத் துணிக்கு வெளியே பாதம் மட்டும் தெரிந்தது,
மெட்டி கழற்றிய விரலில்
வெளுத்த ஒரு வளையம்.

திரும்பி வந்தால் அவர் இன்னும் லைனில்.
"அங்க மழையா?"
"ஆமா சார்."
"இங்க இன்னும் இல்ல."