முற்றக் கூட்டம்: நடந்தவை

திபிலீசி, மேட்டுத் தெரு, எண் பதினொன்று.
வீடுகள் பதினான்கு. முற்றம் ஒன்று.
நடுவில் ஒரு மல்பெரி மரம்.
குறிப்பெழுதுவது நான்;
பாலிடெக்னிக்கில் வாரம் இரண்டு காலை
தர்க்கம் நடத்துகிறவள்,
கையெழுத்தாவது நேராக இருக்கும் என்று நம்பினார்கள்.

நுக்ஸார் எழுந்தார்.
கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சொல்லவேயில்லை.
இன்று கிளை கம்பியில் உரசும் என்றார்,
நாளை தீப்பொறி, மறுநாள் மரப்படிக்கட்டு,
அடுத்த வெள்ளி
சின்னச் சின்னச் சவப்பெட்டிகள்.
"மரமா, பிள்ளைகளா? நீங்களே சொல்லுங்கள்."
கிளையை மட்டும் அறுக்க
உலகத்தில் ரம்பம் என்று ஒன்று இருப்பது
யாருக்கும் நினைவு வராத வேகத்தில் பேசினார்.

எலெக்ட்ரீஷியன் பாத்ரி கையை உயர்த்தினான்.
"பெண்டாட்டியையே பிடித்து வைக்கத் தெரியாதவன்
கம்பியைப் பற்றிப் பேச வந்துவிட்டான்!"
சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன், அதைக் குறிப்பில் எழுதவில்லை.
கம்பி தெரிந்த ஒரே ஆள் உட்கார்ந்துவிட்டான்.

ஒன்பது முகங்கள் கோடரிப் பக்கம்.

அப்போது மேல்மாடி லமாரா,
ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி,
அவசரமே இல்லாமல்:
"ஏழாம் எண்ணில் வால்நட் மரத்தை வெட்டினார்களே,
அந்த வருஷமே மூன்று பேர்."
அவ்வளவுதான். மூன்று விரல்.

காக்கை உட்கார்ந்தது, பனம்பழம் விழுந்தது.
(இந்த ஊரில் பனை கிடையாது. காக்கை உண்டு.)

அந்த மூவரையும் எனக்குத் தெரியும்.
ஒருவருக்குத் தொண்ணூற்றொரு வயது.
ஒருவன் பதூமி சாலையில், போதையில், பைக்கில்.
மூன்றாமவள் சாகவேயில்லை;
தெஸ்ஸலோனிகியில் யாரோ நோயாளியைப் பார்த்துக்கொள்கிறாள்,
புத்தாண்டுக்கு எனக்கு ஆலிவ் அனுப்பினாள்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.
நுக்ஸாரின் கை
அறுந்த பொத்தானைத் தேடுவதுபோல
மெல்லத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தது.

வாயை மூடினேன்.

வெட்ட: இரண்டு.
வேண்டாம்: பன்னிரண்டு, என் கையும் சேர்த்து.
ஏன் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

மறுநாள் வகுப்பில் அதே பாடம்.
பலகையில் காக்கையை வரைந்தேன்.
மரம் வரைவதற்குள் சாக்பீஸ் தீர்ந்தது என்றேன்,
பாக்கெட்டில் இன்னொன்று இருந்தது.

ஜூனில் பழம் கொட்டியது.
கொடியில் கிடந்த என் வெள்ளைச் சட்டையெல்லாம் ஊதா.
நுக்ஸார் முணுமுணுத்துக்கொண்டே
கார்க் கண்ணாடியைத் துடைக்கிறார், தினமும்.
லமாரா ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தனுப்பினாள்.

தின்றேன்.
இனிப்பாகத்தான் இருந்தது.